கல்லூரிக்கு ஒரு சங்கீத வானொலி: டவரா, இணையமா, ஆகாசவாணியா, ஒலிப் பெட்டகமா?

வருஷத்துக்கு இரண்டு பேராவது இந்தக் கேள்வியோடு வந்துவிடுகிறார்கள். போன மாதம் வந்தவர் ஓய்வு பெற்ற கணிதப் பேராசிரியர். அமெரிக்காவில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தார். மகன் காரில் ஏறியதும் வைக்கிற வானொலி ஒரு பல்கலைக்கழகத்துடையதாம். பகலும் ராத்திரியும் அந்த நாட்டுச் சாஸ்திரிய சங்கீதம்தான், நடுவில் சோப்பு விளம்பரம் கிடையாது. “நம்ம காலேஜ்ல இப்படி ஒண்ணு வச்சா என்ன அண்ணாச்சி? கர்நாடக சங்கீதத்துக்குன்னே ஒரு ரேடியோ. டவர் ஒண்ணு நட்டாப் போதும்லா?”

போதாது என்று அவரிடம் ஒரு மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். நான் பல வருஷம் வானொலியில் கேஷுவல் அனௌன்சராக இருந்தவன். அப்புறம் இந்தத் திருநெல்வேலிப் பக்கத்தில் இரண்டு கல்லூரிகளுக்கு ஒலிப்பதிவு அறையும் வானொலியும் அமைக்க உதவினேன். ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, இன்னொன்று பூட்டிக் கிடக்கிறது. பூட்டிக் கிடப்பதில் கற்றதுதான் அதிகம்.

முதலில் ஒன்று. சாஸ்திரிய சங்கீதம் நாள் முழுக்கக் கேட்க வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால் செலவே வேண்டாம். ஆகாசவாணியின் ‘ராகம்’ என்ற சாஸ்திரிய இசை வரிசை 2016 ஜனவரி 26 முதல் 24 மணி நேரமும் ஒலிக்கிறது. அவர்களுடைய செயலியை இறக்கினால் போனிலேயே கேட்கலாம். கேட்பதோடு நிற்காமல் நாமே ஒலிபரப்ப வேண்டும், நம் பிள்ளைகளும் நம் ஊர் வித்வான்களும் அதில் வர வேண்டும் என்கிறவர்களுக்குத்தான் மிச்சக் கட்டுரை.

அமெரிக்கக் கதையின் இரண்டு பக்கம்

பேராசிரியர் சொன்ன வகை நிலையங்களில் பெயர் பெற்றது லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கும் கேயூஎஸ்சி. தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துடையது. 1946-இல் தொடங்கியது, 91.5 எஃப்எம். நேயர்கள் கொடுக்கும் நன்கொடைதான் அதற்குப் பெரிய பலம். அங்கே எஃப்எம் பட்டையில் 88 முதல் 92 மெகாஹெர்ட்ஸ் வரை லாப நோக்கில்லாத கல்வி ஒலிபரப்புக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். நம் நாட்டில் கல்விக்கென்றே அவ்வளவு பெரிய தனிப் பட்டை இல்லை. ஒப்பிடும்போது இதை மறந்துவிடக் கூடாது.

இன்னொரு பக்கமும் உண்டு. ஹூஸ்டனில் ரைஸ் பல்கலைக்கழகத்து மாணவர்கள் நடத்திவந்த எஃப்எம் அலைவரிசையை, ஹூஸ்டன் பல்கலைக்கழகம் ஏறக்குறைய 95 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. மாணவர்கள் எதிர்த்தார்கள், பலிக்கவில்லை. 2011-இல் அந்த அலைவரிசை முழுநேரச் சாஸ்திரிய இசை நிலையமானது. ஐந்தே வருஷம். 2016-இல் அலைவரிசையைக் கிறிஸ்தவ இசை ஒலிபரப்பும் ஒரு அமைப்புக்கு விற்றுவிட்டு, சாஸ்திரிய இசையை டிஜிட்டல் கிளை வரிசைக்கு மாற்றினார்கள். அத்தனை பணமும் பல்கலைக்கழகப் பெயரும் இருந்த இடத்திலேயே இதுதான் நிலைமை. நாம் இரண்டு லட்சம் சேர்ந்ததும் ரிப்பன் வெட்ட நாள் பார்க்கிறோம்.

எதை வைத்து எடை போடுவது

எந்த வழியானாலும் நான் ஐந்து கேள்வி கேட்பேன். யார் காதில் விழ வேண்டும், அவர் எங்கே இருக்கிறார்? அனுமதி யாரிடம் வாங்க வேண்டும், எத்தனை நாள் ஆகும்? ஒலிபரப்பும் பாட்டு யாருடைய சொத்து? கருவி வாங்கிய பிறகு மாதா மாதம் என்ன செலவு, குறிப்பாகக் காலை ஆறு மணிக்கு அறையைத் திறக்கிற ஆள் யார்? ஐந்து வருஷத்தில் நிலையம் மூடினாலும் கையில் என்ன மிஞ்சும்?

எல்லாரும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். நிலையங்களைக் கவிழ்ப்பது நாலாவதும் ஐந்தாவதும்.

வழி 1: சமுதாய வானொலி, அதாவது டவர்

நம் நாட்டில் கல்லூரி ஒன்று சொந்தமாக எஃப்எம்மில் ஒலிபரப்ப இருக்கிற வழி சமுதாய வானொலி உரிமம்தான். 2002 கடைசியில் கல்வி நிறுவனங்களுக்கு அனுமதி என்று அரசு முடிவெடுத்தது. 2004 பிப்ரவரி 1-இல் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம் 90.4 ஒலிக்கத் தொடங்கியது. நாட்டின் முதல் சமுதாய வானொலி அதுதான். 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தார்கள். ஆக, பதிவு பெற்று மூன்று வருஷமாவது நடந்துவரும் சபாவோ அறக்கட்டளையோகூட விண்ணப்பிக்கலாம்.

இதன் அழகு என்னவென்றால், கேட்கிறவருக்குக் காலணா செலவில்லை. டீக்கடையில் ஒலிக்கும், ஆட்டோவில் ஒலிக்கும். நெட் தீர்ந்துபோச்சே என்ற பேச்சே இல்லை. கல்லூரிப் பிள்ளைகளுக்கு மைக் முன்னால் உட்கார்ந்து நேரடியாகப் பேசும் பயிற்சி வேறு எங்கும் இவ்வளவு மலிவாகக் கிடைக்காது.

இனி அளவுகள். ஒலிபரப்புச் சக்தி உச்சவரம்பு 100 வாட், ஆன்டெனா உயரம் 30 மீட்டர். சமதரையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் நல்ல ஒலிபரப்பு என்று சொல்லலாம். தென்காசி சாலையில் அபிஷேகப்பட்டிப் பக்கம் டவர் நட்டால் பேட்டையும் டவுனும் கேட்கும். பாளையங்கோட்டையில் சில தெருக்களில் கேட்கும், சில தெருக்களில் கரகரக்கும். கல்லிடைக்குறிச்சி அக்ரகாரத்தில் சங்கீதம் தெரிந்த பத்து வீடு இருக்கிறதே என்றால், அந்தப் பத்து வீடும் கணக்கிலேயே வராது. எட்டயபுரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சங்கீத ரசிகர்கள் நம் சீமையில் ஊருக்கு நாலு பேராகச் சிதறிக் கிடக்கிறார்கள், டவரோ வட்டம் போட்டுத்தான் வேலை செய்யும். இந்த முரண்பாட்டை எந்த இன்ஜினீயராலும் தீர்க்க முடியாது.

அடுத்தது உரிமத்தின் உள்ளடக்கம். நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதி அந்தப் பகுதி மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும் என்பது விதி. நாள் முழுக்கக் கச்சேரிப் பதிவு போட்டுக்கொண்டிருப்பதற்காக இந்த உரிமம் தரவில்லை. விவசாயம், உடல்நலம், வேலைவாய்ப்பு, ஊர்க் குறை இதெல்லாம் பேசத்தான் இது. சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது, ஆகாசவாணிச் செய்தியை அப்படியே அஞ்சல் செய்யலாம். ஒலிபரப்பிய எல்லாவற்றையும் மூன்று மாதம் பத்திரப்படுத்தவும் வேண்டும். ஆகவே ‘சங்கீத வானொலி’ என்று போர்டு எழுதும் முன் யோசியுங்கள். காலை இரண்டு மணி நேரம், ராத்திரி ஒரு மணி நேரம் சங்கீதம், மிச்ச நேரம் பேட்டைப் பீடித் தொழிலாளியும் பத்தமடைப் பாய் நெசவாளியும் பேசுகிற நிலையம் என்றால் உரிமத்துக்குப் பொருந்தும். எனக்கு அப்படி ஒரு நிலையம்தான் பிடிக்கும், அது வேறு விஷயம்.

2024 பிப்ரவரியில் விதிகளைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். முதல் அனுமதியே பத்து வருஷத்துக்கு. விளம்பரம் மணிக்கு 7 நிமிடத்திலிருந்து 12 நிமிடம். அரசு விளம்பரக் கட்டணம் பத்து விநாடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ரூபாய். பன்னிரண்டு நிமிடமும் நிறைந்தால் மணிக்கு 5,328 ரூபாய் என்று ஒரு தாளாளர் கால்குலேட்டரில் தட்டிக் காட்டினார். நிறைந்தால்! காகிதத்தில் எல்லா மணியும் நிறையும். நான் பார்த்த நிலையத்தில் முதல் வருஷம் வந்த விளம்பரம் ஒரு ஜவுளிக்கடை, ஒரு ஸ்கேன் சென்டர். தீபாவளி முடிந்ததும் ஜவுளிக்கடை போய்விட்டது.

மறைந்திருக்கும் செலவு மூன்று. முதலாவது காத்திருப்பு. விண்ணப்பம், விருப்பக் கடிதம் (அமைச்சகம் தரும் முதல்நிலைச் சம்மதம்), அலைவரிசை ஒதுக்கீடு, டவருக்குத் தடையின்மைச் சான்று, ஒப்பந்தம், ஒயர்லெஸ் உரிமம் என்று படி படியாக ஏற வேண்டும். விருப்பக் கடிதம் கைக்கு வந்தபின் வேலை முடிக்க ஒரு வருஷம், கூட மூன்று மாதச் சலுகை. ஆரம்பித்த ஆர்வத்தில் பாதி இதிலேயே கரையும். இரண்டாவது இடி. ஐப்பசியில் ஒரு சாயங்காலம் விழுந்த இடியில், எர்த்திங் சரியில்லாத எங்கள் டிரான்ஸ்மிட்டரின் பவர் போர்டு கருகியது. புதுசு வர ஐந்து வாரம். அந்த ஐந்து வாரத்தில் போன நேயர்கள் திரும்பவே இல்லை. மூன்றாவது ஆள். நாளுக்குப் பத்து மணி நேரம் என்றால் வருஷத்துக்கு 3,650 மணி நேரம். இரண்டரை மணிக் கச்சேரியாக நிரப்பினால் 1,460 கச்சேரி. மறு ஒலிபரப்பு போட்டு மூன்றில் ஒன்றாகக் குறைத்தாலும் ஐந்நூறுக்குக் கிட்ட வரும். இதை வரிசைப்படுத்தி, ராகம், தாளம், பக்கவாத்தியம் தப்பில்லாமல் எழுதி வைக்க முழுநேரமாக ஒருவராவது வேண்டும். மாணவர்களை நம்பலாம், செமஸ்டர் தேர்வு வரைக்கும்.

எல்லா வழிக்கும் பொதுவான தலைவலி: பாட்டு யாருடையது

‘தியாகராஜர் பாட்டுக்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?’ என்று சிரிப்பார்கள். பாட்டுக்கு வேண்டாம், ஒலிப்பதிவுக்கு வேண்டும். நெல்லை காந்திமதி அம்மன் மேல் முத்துசுவாமி தீட்சிதர் ஹேமவதி ராகத்தில் செய்த கீர்த்தனை யாருக்கும் சொத்தில்லை. தீட்சிதர் எட்டயபுரத்தில் மறைந்தது 1835-இல். அதையே ஒரு பாடகர் பாடிப் பத்து வருஷத்துக்கு முன் ஒரு கம்பெனி வெளியிட்ட பதிவு, கம்பெனியின் சொத்து.

சட்டப்படி கணக்கு இது. சாகித்தியத்துக்கும் (பாட்டின் வரிகள்) மெட்டுக்கும், செய்தவர் மறைந்த பிறகு 60 வருஷம். ஒலிப்பதிவுக்கு, வெளியான வருஷத்திலிருந்து 60 வருஷம். பாடியவர், வாசித்தவருக்கான உரிமை 50 வருஷம். பாபநாசம் சிவன் 1973-இல் மறைந்தார், அவர் பாட்டுகளுக்கு 2033 முடிய உரிமை உண்டு. 1964 வரை வெளியான இசைத்தட்டுகளின் ஒலிப்பதிவு உரிமை 2024 முடிவோடு காலாவதியாகிவிட்டது. நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு லாபம் இருக்கிறது. நாகஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலம் மறைந்தது 1964-இல். அவர் வாழ்ந்த காலத்தில் வெளியான இசைத்தட்டுகளில், இயற்றியவரின் உரிமையும் முடிந்துபோன பழைய கீர்த்தனைகளை இன்றைக்குத் தைரியமாக ஒலிபரப்பலாம். ஆகாசவாணி பதிவு செய்து வைத்திருக்கும் அவர் கச்சேரிகள் வேறு கதை, அதை வானொலியிலிருந்து டேப் எடுத்துப் போடக் கூடாது.

உரிமம் பெற்ற வானொலிக்கு ஒரு வசதி உண்டு. பதிப்புரிமைச் சட்டத்தின் 31டி பிரிவின்படி, முன்னறிவிப்புக் கொடுத்து நிர்ணயித்த ராயல்டியைக் கட்டிவிட்டால், கம்பெனி மறுத்தாலும் வெளியான பதிவுகளை ஒலிபரப்பலாம். இணையத்துக்கு இந்த வசதி செல்லாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2019-இல் தீர்ப்புச் சொன்னது, 2022-இல் மேல் அமர்வும் அதை உறுதி செய்தது. ஆகவே இணைய வானொலி வைப்பவர் ஒவ்வொரு கம்பெனியோடும் உரிமைச் சங்கங்களோடும் தனித்தனியாகப் பேசி வாங்க வேண்டும். ‘டவர்தான் சிக்கல், இணையம் சுலபம்’ என்கிற பேச்சு இந்த இடத்தில் தலைகீழாகிவிடுகிறது.

வழி 2: இணைய வானொலி

அலைவரிசை ஒதுக்கீடு கிடையாது, டவர் கிடையாது, அமைச்சகத்தோடு ஒப்பந்தம் கிடையாது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு மிக்சர், இரண்டு மைக், மாத வாடகைக்கு ஒரு ஸ்ட்ரீமிங் சர்வர். ஒரு வாரத்தில் ஒலிபரப்பலாம். கல்லிடைக்குறிச்சியும் கேட்கும், கலிஃபோர்னியாவும் கேட்கும்.

கல்லூரி பிராட்பேண்டிலிருந்தே நேராக விடுகிறேன் என்று மட்டும் கிளம்பாதீர்கள். 128 கேபிபிஎஸ் தரத்தில் நூறு பேர் ஒரே நேரத்தில் கேட்டால் 12.8 எம்பிபிஎஸ் வெளியே போக வேண்டும். அதே இணைப்பில் அலுவலகத்தில் தேர்வுக் கட்டணம் கட்டிக்கொண்டிருப்பார்கள். வாடகை சர்வர்தான் சரி. கேட்கிறவருக்கு அந்தத் தரத்தில் மணிக்கு 58 எம்பி அளவுக்குச் செலவாகும், 64-க்கு இறக்கினால் 29 எம்பி. வாய்ப்பாட்டுக்கு நல்ல கோடெக் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) போட்டால் 64 போதும். நாலு மணி நேரம் கேட்டாலும் ஒரு நாள் டேட்டாவில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

அப்புறம் ஏன் எல்லாரும் இதையே செய்யவில்லை? கேட்க ஆள் வருவதில்லை. காலையில் எழுந்து பெட்டியைத் திருகினால் பாட்டு வரும் என்பது ஒரு பழக்கம். போனைத் திறந்து, செயலியைத் தேடி, அதற்குள் வாட்சப்பில் நாலு குட்மார்னிங் வந்து, அதைப் பார்த்து, பாட்டையே மறப்பது இன்னொரு பழக்கம். எஃப்எம்மில் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று தெரியாது, அதனால் ஆயிரம் பேர் கேட்பதாக நினைத்துச் சந்தோஷப்படலாம். இணையத்தில் எண்ணிக்கை திரையிலேயே தெரியும். நாங்கள் ஆரம்பித்த முதல் வாரம் நாற்பது. மூன்றாம் வாரம் ஆறு. அதில் இரண்டு பேர் நாங்கள்தான், சரியாக ஓடுகிறதா என்று பார்க்க உள்ளே இருந்தவர்கள்.

வயதானவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பூஜை அறையில் ஒரு புளூடூத் ஸ்பீக்கர், பழைய போன் ஒன்று, அதில் இந்த ஒரு செயலி மட்டும். பேரன் ஒரு தடவை வந்து அமைத்துக் கொடுத்தால் அப்புறம் பொத்தான் ஒன்றுதான். இப்படி வீடு வீடாகப் போய் வைத்துக் கொடுக்கும் ஆள் உங்களிடம் இருந்தால் இணைய வானொலி நிற்கும்.

வழி 3: ஆகாசவாணியோடு சேர்வது

பாளையங்கோட்டையில் இருக்கும் திருநெல்வேலி நிலையம் 1963-இலிருந்து ஒலிக்கிறது. மத்திய அலையில், அதாவது மீடியம் வேவில், 1197 கிலோஹெர்ட்ஸ். ஒரு தலைமுறையே அதில்தான் ராகம் கற்றது. உங்கள் கல்லூரி இசைவிழாவை அவர்கள் வந்து பதிவு செய்ய ஏற்பாடு செய்யலாம், அழைப்பு நேயர் கச்சேரிக்கு உங்கள் அரங்கத்தைத் தரலாம், கட்டணம் கட்டி வாராந்திர நேரமும் வாங்கலாம். கருவி வேண்டாம், உரிமம் வேண்டாம், பாட்டு உரிமைத் தொல்லை அவர்கள் பாடு.

ஆனால் அங்கே பாட, வாசிக்க, ஆடிஷன் என்ற தேர்வில் பாடியோ வாசித்தோ காட்டித் தரம் வாங்கியிருக்க வேண்டும். பி, பி-ஹை, ஏ, ஏ-டாப் என்று படிகள். கோயிலில் முப்பது வருஷம் வாசித்தும் தேர்வுப் பக்கமே போகாத வித்வான்கள் நம் பக்கத்தில் உண்டு. நேரமும் உங்கள் கையில் இல்லை, கிரிக்கெட் வர்ணனை வந்தால் உங்கள் அரை மணி போகும். பதிவும் அவர்களுடையது. போதாக்குறைக்கு, மத்திய அலையை வீட்டுக்குள் எல்ஈடி பல்பும் சார்ஜரும் இரைச்சலாக்கி வைத்திருக்கின்றன. டியூனரை வைத்துக்கொண்டு வாசல் திண்ணைக்கு வந்தால் கேட்கும், திண்ணை இருந்தால்.

வருஷத்துக்கு ஒரு விழா, மாதம் ஒரு கச்சேரி நடத்துகிற சபாக்களுக்கு இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது.

வழி 4: ஒலிப் பெட்டகம்

நிலையமே வேண்டாம், முதலில் பதிவு செய்து அடுக்குவோம் என்பது இந்த வழி. ஓதுவார்கள், நாகஸ்வர, தவில் வித்வான்கள், பாசுரங்களை அபிநயத்தோடு பாடும் ஆழ்வார்திருநகரி அரையர் சேவை, தீட்சிதர் பரம்பரைப் பாடம் கேட்டவர்களிடம் பாடம் கேட்ட பாட்டிமார்கள். வெளியே வேறு யாரும் ஒலிபரப்ப முடியாத சரக்கு நம்மிடம் இருக்கிறது என்றால் அது இதுதான். சென்னைக் கச்சேரிகள் எல்லாருக்கும் கிடைக்கும். நெல்லையப்பர் கோயிலில் காலைப் பூஜையில் ஒலிப்பது அங்கே போனால்தான் கேட்கும்.

ஒரு நாள் காலையைச் சொல்கிறேன். பன்னிரண்டுக்குப் பத்து அறை, சுவரெல்லாம் ஃபோம். நாகஸ்வர வித்வான் வந்து உட்கார்ந்து, வாத்தியத்தில் சொருகி ஊதும் சீவாளியை வாயில் நனைத்துக்கொண்டிருந்தார். மூன்று சீவாளி மாற்றிப் பார்த்து நாலாவதைச் சொருகி ஒரு ஊது ஊதினார். மீட்டர் சிவப்பில் போய் நின்றது. மைக்கைத் தள்ளி வைத்தேன், மறுபடி சிவப்பு. தவில் ஒரு தட்டுத் தட்டியதும் அறையே அதிர்ந்தது. வித்வான் வாத்தியத்தை மடியில் வைத்துவிட்டுச் சிரித்தார். “வெளிப் பிரகாரத்துல வாசிச்சா நாலு தெருவுக்குக் கேக்குத வாத்தியம் தம்பி. இதக் கொண்டுவந்து தீப்பெட்டிக்குள்ள அடைக்கப் பாக்கியே.”

எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கல்லூரிப் பின்புறம் இருந்த பழைய கல்மண்டபத்துக்குப் போனோம். மைக் எட்டடி தள்ளி, உயரத்தில். தவிலுக்குத் தனி மைக், அதுவும் நேரே வைக்காமல் சாய்த்து. அரை மணி நேரம் தோடி ராகம். நடுவில் இரண்டு இடத்தில் மயில் அகவியிருக்கிறது. வெட்டச் சொன்னார்கள், நான் வெட்டவில்லை. எங்கள் ஸ்டூடியோவில் எடுத்த எந்தப் பதிவும் அதற்குப் பக்கத்தில் வராது.

செலவு என்று பார்த்தால், நல்ல ஸ்டீரியோ ரெக்கார்டர் ஒன்று, தாங்கி, நாலு மைக், இரண்டு ஹார்ட் டிஸ்க். இரண்டு என்பதைக் கவனிக்கவும். ஒன்று கல்லூரியில், மற்றது வேறு கட்டடத்தில். வித்வானுக்குச் சன்மானம் கட்டாயம். ‘கல்லூரிக்காக ஓசியில் வாசியுங்கள்’ என்று கேட்கிறவர்கள் கரண்ட் பில்லையும் ஓசியில் கேட்டுப் பார்க்கட்டும்.

மறைந்திருக்கும் வேலை எழுத்துவேலை. தேதி, இடம், ராகம், தாளம், உருப்படி, உடன் வாசித்தவர் எல்லாம் அன்றைக்கே எழுத வேண்டும். ஒரு பக்கத்தில் தமிழில் சம்மதக் கடிதம்: எங்கெங்கே ஒலிபரப்பலாம், விற்கலாமா கூடாதா, வருமானம் வந்தால் யாருக்கு என்று. கையெழுத்து வாங்காமல் விட்ட பதினோரு பதிவுகள் என்னிடம் சும்மா கிடக்கின்றன. வாசித்தவர்களில் இருவர் இப்போது இல்லை. இன்னொரு தொல்லையும் சொல்லிவிடுகிறேன். நாங்களே மண்டபத்தில் எடுத்த ஒரு கீர்த்தனையை வீடியோ தளம் ஒன்றில் ஏற்றினோம். அது தங்கள் இசைத்தட்டில் இருப்பது என்று ஒரு கம்பெனியின் பெயரில் தானாகவே உரிமை கோரல் வந்து நின்றது. ராகமும் பாட்டும் ஒன்று, இயந்திரத்துக்கு வித்தியாசம் தெரியவில்லை. மறுப்பு எழுதி மீட்க ஒரு மாதம் ஆனது. அசல் ஃபைலும் சம்மதக் கடிதமும் கையில் இருந்ததால் மீண்டது.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | டவர் | இணையம் | ஆகாசவாணி | பெட்டகம் |
|---|---|---|---|---|
| யாருக்குக் கேட்கும் | பத்துப் பன்னிரண்டு கி.மீ. வட்டம், எல்லா வகை ஆட்களும் | எங்கும், தேடி வருபவர் மட்டும் | தென் மாவட்டங்கள், பழைய நேயர்கள் | இப்போதைக்கு யாருக்கும் இல்லை |
| அனுமதி | நீளம், பல படி | அலைவரிசை உரிமம் வேண்டாம் | அவர்கள் முடிவு | வாசிப்பவரின் கையெழுத்து |
| வெளியான பதிவுகளைப் போட | 31டி வழி உண்டு | தனித்தனியே பேச வேண்டும் | அவர்கள் பொறுப்பு | தேவையில்லை |
| தினசரி ஆள் | கட்டாயம், இருவராவது | ஒருவர் | வேண்டாம் | பதிவு நாளில் மட்டும் |
| எதிர்பாராத அடி | இடி, காத்திருப்பு, ஆள் மாற்றம் | நேயர் வறட்சி | நேரம் பறிபோவது | எழுதாமல் விட்ட குறிப்புகள் |
| மூடினால் மிஞ்சுவது | துருப்பிடித்த டவர் | ஏறக்குறைய ஒன்றுமில்லை | நல்ல பெயர் | எல்லாமே |

யாருக்கு எது

காட்சித் தொடர்பியல் துறை இருக்கிற, நகரத்துக்குள்ளோ ஒட்டியோ இருக்கிற, சங்கீதத்தோடு ஊர் விஷயமும் பேசச் சம்மதிக்கிற கல்லூரி என்றால் டவர். பாடத்திட்டத்திலேயே வானொலிப் பயிற்சியை மதிப்பெண்ணோடு சேர்த்துவிட்டால் தேர்வுக் காலத்தில் ஆள் காணாமல் போகும் பிரச்சினையும் பாதி தீரும். துறை இல்லாத கல்லூரி, ‘முன்னாள் மாணவர் ஒருவர் பணம் தருகிறார்’ என்ற ஒரே காரணத்துக்காக இறங்க வேண்டாம். பூட்டிக் கிடக்கிறதே என்று சொன்னேனே, அது அப்படி வந்ததுதான். பணம் தந்தவர் திறப்பு விழாவுக்கு வந்தார், யூபிஎஸ் பேட்டரி மாற்ற வரவில்லை.

வெளிநாட்டில், வெளியூரில் பிள்ளைகள் நிறைய இருக்கிற பழைய கல்லூரிக்கும், ஏற்கெனவே நேயர் வட்டம் உள்ள சபாவுக்கும் இணையம். அதிலும் இருபத்திநாலு மணி நேரம் வேண்டாம். காலை ஆறிலிருந்து எட்டு, ராத்திரி எட்டிலிருந்து ஒன்பது. மார்கழியில் மட்டும் நாலரைக்கே தொடங்கலாம், அந்த ஒரு மாதம் கேட்க ஆள் இருக்கும்.

சபா சின்னது, கையில் கச்சேரி இருக்கிறது, ஆள் இல்லை என்றால் ஆகாசவாணி.

என் சாய்வு பெட்டகத்தின் பக்கம் என்று இதற்குள் தெரிந்திருக்கும். அதை முதலில் செய்தவருக்கு மற்ற மூன்று வழியும் திறந்தே இருக்கின்றன. சொந்தப் பதிவு ஐம்பது மணி நேரம் கையில் இருந்தால் இணையத்தில் ராயல்டிப் பேச்சு பாதி குறைகிறது, சமுதாய வானொலிக்கு ‘உள்ளூர்ப் பங்கேற்பு’ பாதி நிறைகிறது. ஆகாசவாணி வாசலில் போய் நிற்கும்போதும் வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை. டவரை முதலில் நட்டவர், அதன் பசிக்குத் தீனி தேடியே ஓய்ந்துபோகிறார்.

கணிதப் பேராசிரியரிடம் கடைசியில் ஒரு கணக்குத்தான் கொடுத்தனுப்பினேன். தொண்ணூறு நாள். வாரத்துக்கு இரண்டு பதிவு, குறிப்போடும் கையெழுத்தோடும். காலை ஆறு மணிக்கு அறையைத் திறப்பவர் பெயரை ஒரு நோட்டில் தினமும் எழுத வேண்டும். தொண்ணூறாம் நாளும் அந்த நோட்டில் அவர் பெயரைத் தவிர இன்னொரு பெயர் இருந்தால் உரிம விண்ணப்பத்தை நானே பூர்த்தி செய்து தருகிறேன் என்றேன். நேற்று போன் பண்ணினார். பதினேழாம் நாளாம். இரண்டாவது பெயர் வாட்ச்மேனுடையது. “சாவி அவன்ட்டதான இருக்கு, அதக் கணக்குல சேக்கலாமா அண்ணாச்சி?” என்று கேட்டார். அவனுக்கு ஹெட்போன் மாட்டிக் கேட்கக் கொடுத்தீர்களா என்று கேட்டேன். கொடுத்தாராம். மறுநாள் ஐந்தே முக்காலுக்கே திறந்து வைத்துவிட்டானாம். சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.